டிக்கெட் இல்லாத பிணங்கள்

(டிசம்பர் மாதம் குறிஞ்சிப்பாடியில் நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விடுபட்ட சில விவரங்கள் எழுதும்போது சேர்க்கப்பட்டுள்ளன.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. நாலு நாளா உட்கார்ந்து பார்த்தேன், கவிதை வரல. வந்ததெல்லாம் கணக்கு. வங்கியில வேலை செய்றவனுக்குக் கணக்குதான் வரும்னு நண்பர்கள் கிண்டல் பண்றாங்க. பரவாயில்ல. இன்னிக்கு ஒரு கணக்கைப் பத்திப் பேசறேன். புயலில் செத்தவர்களை, இழந்தவர்களை எப்படி எண்ணுகிறார்கள் என்கிற கணக்கு.

டிசம்பர் நமக்கு நினைவு நாட்களின் மாதம். 1956 டிசம்பர் 6 அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாள். 1968 டிசம்பர் 25 கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய நாள். இந்த இரண்டையும் நாம மறக்கிறதில்ல. நம்ம கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு இன்னும் இரண்டு நாள் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல். இதோட இன்னொரு நாளையும் சேர்த்துக்கச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருக்கேன். 1964 டிசம்பர் 22. தனுஷ்கோடி.

அது எங்கேயோ ராமேஸ்வரத்துப் பக்கம், அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. சொல்றேன்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. அந்த ஆண்டிலிருந்து எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரைக்கும் ரயில். அங்கிருந்து கப்பல். அந்தப் பக்கம் தலைமன்னார். அங்கிருந்து மறுபடியும் ரயில், கொழும்பு வரைக்கும். போட் மெயில் என்று இதைப் பெருமையாக எழுதுகிறவர்கள் முதல் வகுப்புப் பயணிகளைப் பற்றி, வெள்ளைக்காரத் துரைகளைப் பற்றி, வியாபாரிகளைப் பற்றி எழுதுகிறார்கள். அந்த வழியாகக் கும்பல் கும்பலாகப் போனவர்கள் தேயிலைத் தோட்டத்துக் கூலிகள். கங்காணி பிடித்துக்கொண்டு போன சனங்கள். அதில் பெரும்பங்கு நம்ம சேரிச் சனங்கள். மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்து, தனியாக அடைத்து வைத்து, அப்புறம்தான் கப்பலேற்றினார்கள். ஊருக்குள்ளேயும் தனி, முகாமிலும் தனி. மலையகத்தை உழைத்து உண்டாக்கியவர்கள் கடைசியாக மிதித்த இந்திய மண் தனுஷ்கோடி மண்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தச் சனங்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். சந்தையில மாட்டுக்கு விலை பேசுற மாதிரி. அந்தச் சனங்களிடம் ஒரு வார்த்தை கேட்கல. கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகல, அவங்க வந்து இறங்கியிருக்க வேண்டிய துறையே கடலுக்குள்ள போயிடுச்சு.

டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போகும் பாசஞ்சர், 653ஆம் எண் வண்டி, நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பியது. ஆறு பெட்டி. புயலில் சிக்னல் வேலை செய்யவில்லை. தனுஷ்கோடி ஸ்டேஷன் கண்ணுக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும்போது, ஏழு மீட்டர் உயரத்துக்கு எழுந்து வந்த கடல் வண்டியை மொத்தமாக வாரிக்கொண்டு போனது. ஊரும் போனது. ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சுங்கச்சாவடி, பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில், மீனவர் குடிசை எல்லாம். இந்தப் பக்கமும் இலங்கைப் பக்கமும் சேர்த்துச் செத்தவர்கள் 1,800 பேர் என்று சொல்லப்படுகிறது.

இப்போ அந்த ரயிலுக்கு வருவோம். அதில் 110 பயணிகள், ரயில்வே ஊழியர் 5 பேர், ஆக 115 என்பது கணக்கு. ஆனால் உண்மையில் 200 பேர்வரை இருந்திருக்கலாம் என்றும் எழுதுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களைக் கணக்கில் சேர்க்க வழியில்லை என்பதால்.

தோழர்களே, முதன்முதலா இதைப் படிச்சப்போ நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். டிக்கெட் எடுத்தவன் செத்தா மரணம். டிக்கெட் எடுக்காதவன் செத்தா வதந்தி. செத்தவங்க எண்ணிக்கை டிக்கெட் எண்ணிக்கைதான்.

அந்த டிக்கெட் இல்லாத 80 பேரோ 90 பேரோ யாரு? அவங்க எல்லாரும் தலித்துன்னு நான் சொல்லல. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் விட்டு வைக்கப்படல. கூலி வேலைக்குப் போய்த் திரும்பினவங்க இருக்கலாம், மீன் கூடைக்காரி இருக்கலாம், கோயில் வாசலில் கையேந்துறவங்க இருக்கலாம். பேர் இல்ல, ஊர் இல்ல, சாதி இல்ல. சாதி கேட்காம இந்த நாட்டில் தண்ணிகூடத் தரமாட்டாங்க, சாவுல மட்டும் சாதி கேட்காம விட்டுட்டாங்க. ஆளே கணக்கில் இல்லாதபோது சாதி எதுக்கு?

அதே புயலில் ராமேஸ்வரத்தில் இருந்து தப்பித்த சினிமா நட்சத்திரங்கள் கதையை ஒவ்வொரு டிசம்பரிலும் பத்திரிகையில் படிக்கிறோம். அவர்கள் தப்பித்ததில் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. எது நினைவாகிறது, எது ஆகவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி சரிசெய்த கதை. பாம்பன் பாலத்தில் இருந்த கர்டர்களில் 126 போய்விட்டன. ஆறு மாதத்தில் சீர்செய்ய வேண்டும் என்று ரயில்வே முடிவு செய்தது. பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் முடித்தார்கள். கடலில் விழுந்த கர்டர்களையே தேடியெடுத்து மறுபடி பொருத்தினார்கள். இது சாதனை, சந்தேகமே இல்லை. அந்தக் கர்டரைக் கடலிலிருந்து தூக்கிய கைகளுக்கும் அந்தச் சாதனையில் பங்கு உண்டு, அவர்கள் பெயர் தெரியாவிட்டாலும்.

பாலத்துக்கு 46 நாள். தனுஷ்கோடிக்கு? மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. தண்டவாளம் ராமேஸ்வரத்தோடு நின்றது. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டார்கள், ரோட்டோரம் அலையைத் தடுக்கக் கல் அடுக்கினார்கள். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலமே திறந்தாகிவிட்டது.

நான் போய்ப் பார்த்தேன். இடிந்த மாதா கோயில் முன்னால போட்டோ எடுக்கிறாங்க. சங்கு, சிப்பிக் கடை. வழிகாட்டுறவர் ‘பேய் நகரம்’னு சொல்றார். அதே மண்ணில் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்ந்துகிட்டிருக்கு. மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணி எடுக்கிறாங்க. வலை காயுது, குழந்தை அழுவுது. ஆள் இருக்கிற இடத்துக்குப் பேர் பேய் நகரம். இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ஆளில்லாத இடம்னு ஒரு தடவை எழுதிட்டா, அங்கே குடிநீர் தர வேண்டியதில்லை, பட்டா தர வேண்டியதில்லை, அலைக்குத் தடுப்புக் கட்ட வேண்டியதில்லை. ரோட்டைக் காக்கக் கல் போட்டா போதும்.

வேற நாட்டுல எப்படின்னும் பார்த்துக்குவோம். இங்கிலாந்தில் டாலிஷ் என்று ஒரு சின்ன ஊர். கடலை ஒட்டியே ரயில் ஓடும் ஊர். 2014 பிப்ரவரியில் புயல் அலை கடற்சுவரை உடைத்து, கீழே மண் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. இரண்டு மாதத்தில், ஏப்ரல் 4ஆம் தேதி, வண்டி மறுபடி ஓடியது. அப்புறம் 8 கோடி பவுன் செலவில் பழையதைவிட உயரமாகப் புதுச் சுவர் கட்டினார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் தண்டவாளமும் இருக்கு, ஊரும் இருக்கு. அரசு நினைத்தால் கடலோடு மல்லுக்கட்ட முடியும் என்பதற்காகச் சொல்றேன். யாருக்காக நினைக்கும் என்பதுதான் கேள்வி.

தனுஷ்கோடிக்குச் சரியாக 40 ஆண்டு கழித்து, 2004 டிசம்பர் 26இல், இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெரலிய என்ற இடத்தில் இன்னொரு ரயில் போனது. முதல் அலைக்குப் பயந்த ஊர்ச் சனங்கள் நின்றிருந்த வண்டியைப் பாதுகாப்பென்று நினைத்து ஏறிக்கொண்டார்கள். அடுத்த அலை வண்டியோடு அவர்களையும் புரட்டியது. 1,700 பேருக்குக் குறையாது என்கிறார்கள். அங்கேயும் அதே கதைதான். உயிருக்குப் பயந்து ஏறியவனிடம் டிக்கெட் ஏது?

இப்போ நம்ம கரைக்கு வருவோம். நம்ம மாவட்டத்துக்கும் கடற்கரை ரயில் ஊர் உண்டு, கடலூர் முதுநகர். அங்கே பிரிகிற வண்டிதான் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகிறது. நாம கடலைப் பார்க்காத ஊர்க்காரங்கன்னு நினைச்சுக்கிறோம். ஆனா கடலில் உருவாகிற ஒவ்வொரு புயலும் இந்தத் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்த மாதிரி நம்ம வீட்டுக்கு வந்து சேருது.

கடலில் சுவர் கட்டுவதைப் பற்றி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். நம்ம கிழக்குக் கரையில் ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவகாலத்தில் திரும்பி வருகிறது, ஆனால் போவதைவிடக் குறைவாக. 1980களின் கடைசியில் புதுச்சேரி துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. வடக்கே கரைக்கு மணல் வரவில்லை. நகரத்தின் கடற்கரையே காணாமல் போனது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். உடனே அரிப்பு அதற்கு வடக்கே இருந்த குப்பங்களுக்குப் போனது. அங்கே கல் கொட்டினதும் அடுத்த குப்பத்துக்கு. அப்படியே எல்லை தாண்டி நம்ம மாநிலத்துச் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரைக்கும் வந்து வீடுகளைத் தின்றது. ஒவ்வொரு ஊரும் எனக்குத் தூண்டில் வளைவு போடு என்று மறியல் செய்கிறது. போட்டால் அடுத்த ஊர் மறியல்.

இதைப் படிச்சப்போ எனக்குச் சாதிதான் ஞாபகம் வந்துச்சு. கடலரிப்பை ஒழிக்கிறதில்ல, பக்கத்தில் இருக்கிறவன் மேல தள்ளிவிடறது. முதல் கல்லு யார் வாசலில் விழுது, கடைசிக் குப்பம் எது என்பதைப் பணமும் செல்வாக்கும் முடிவு செய்யுது. கல் கொட்டச் சொல்லி மறியல் செய்கிற மீனவர் நமக்கு எதிரி இல்லை. அவரும் விரட்டப்படுகிறவர்தான். ஆனால் அவருக்கு மறியல் செய்யச் சாலையாவது இருக்கிறது. உப்பங்கழியில் கையால் இறால் பிடிக்கிற இருளருக்கு அதுவும் இல்லை.

சுனாமியை எடுத்துக்குங்க. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, புதுக்குப்பம் எல்லாம் நாசமானது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் பிச்சாவரம் சதுப்புக்காடு பின்னால் இருந்த ஊர்களைப் பெருமளவு காத்தது. அடுத்த ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் நம்ம கடலூர் மாவட்டக் கரையை வைத்தே ஒரு ஆய்வு வந்தது. மரம் அடர்ந்த இடத்துக்குப் பின்னால் சேதம் குறைவு என்றது. அந்தக் காட்டைத் தினம் மிதித்து, அதன் கால்வாய்களில் இறங்கிப் பிழைக்கிற இருளர்கள் அந்தச் சுவரின் காவல்காரர்கள். கருங்கல் சுவருக்குக் காண்டிராக்டர் இருக்கிறார். இந்தச் சுவருக்குக் கூலியும் இல்லை, காண்டிராக்டும் இல்லை.

நிவாரணம் வந்தபோது படகு வைத்திருந்தவர் பட்டியலில் வந்தார். வலை வைத்திருந்தவர் வந்தார். நியாயம்தான். ஆனால் மீன் சுமந்தவர், ஐஸ் உடைத்தவர், உப்பு ஏறிப்போன வயலில் கூலி வேலை செய்தவர் பட்டியலுக்கு வெளியே. முகாம்களில் தலித்துகளைத் தனியாக வைத்தது, தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க விடாதது, நிவாரணம் கடைசியாக வந்தது எல்லாம் அன்றைக்கே மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தவை. நாகப்பட்டினத்தில் அழுகிய பிணங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் கொண்டுவந்தார்கள். பிணத்தை எடுக்க நம்ம கை வேணும். பட்டியல் எழுதும்போது நம்ம பேர் வேணாம்.

இனி நான் கண்ணால் பார்த்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே கரை கடந்தது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில். எங்க வீட்டுக் கூரை பக்கத்துத் தெரு வேப்பமரத்தில் கிடந்தது. அம்மாவும் தங்கச்சியும் நானும் பாயைத் தலைமேல பிடிச்சுக்கிட்டு பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஓடினோம். விடிஞ்சதும் பார்த்தா வெளிச்சம் அதிகமா இருந்துச்சு. ஏன்னு புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, மரமே இல்ல. முந்திரித் தோப்பு முழுக்கப் படுத்துக் கிடந்துச்சு. பலா வேரோட. பண்ருட்டிப் பக்கம் போற வழியெல்லாம் அப்படித்தான்.

அப்போ நான் வங்கி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. கவுண்டர்ல பாஸ்புக்குக்கு என்ட்ரி போடற வேலை. முந்திரிக்கு நிவாரணம் அறிவிச்சு, பணம் கணக்குல ஏற ஆரம்பிச்சுது. எங்க சேரியிலிருந்து ஒரு ஆயா வாரத்துக்கு ஒரு தடவை வரும். முப்பது வருஷமா ஒரே தோப்புல கொட்டை பொறுக்கினது. வீட்டுல உட்கார்ந்து கொட்டை உடைச்சது. முந்திரிக் கொட்டைப் பால் பட்டுப் பட்டுக் கை ரேகையே அழிஞ்சுபோன ஆயா. பாஸ்புக்கை நீட்டி, “ஏறியிருக்கா பாரு கண்ணு”ன்னு கேட்கும். இல்ல ஆயான்னு சொல்லுவேன். அடுத்த வாரமும் வரும். நாலாவது தடவை நான் சொன்னேன், “ஆயா, அது தோப்பு வச்சிருக்கிறவங்களுக்குத்தான் வரும். உனக்கு ஏது தோப்பு?” அது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துச்சு. “மரம் அவங்களுதுதான் கண்ணு. பொழப்பு எங்களுது இல்லியா?”ன்னு கேட்டுச்சு.

எனக்குப் பதில் இல்ல. நான் அதே கவுண்டர்ல உட்கார்ந்து, அந்தத் தோப்புக்காரர் கணக்குல ஏறின பணத்துக்கு என்ட்ரி போட்டவன். கணினியில தப்பே இல்ல. பட்டியல்படி எல்லாம் சரி. புது ஒட்டுக்கன்று வச்சுக் காய்ப்புக்கு வர மூணு நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் தோப்புக்காரருக்கு நிவாரணமாவது உண்டு. பொறுக்கப் போன பொம்பளைக்கு? அந்த வருஷம் எங்க தெருவிலேருந்து திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போனவங்களில் பாதிப்பேர் இன்னும் திரும்பல.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் விதிகளைப் படிச்சேன். இளைஞர்கள் இதைக் கவனமா கேளுங்க.

பேரிடர் நிவாரண நிதி விதியில் பயிருக்குப் பணம் உண்டு, படகுக்கு உண்டு, வலைக்கு உண்டு, மாட்டுக்கு உண்டு, வீட்டுக்கு உண்டு. எல்லாமே உடைமைக்கு. வீட்டிலும் ஒரு நிபந்தனை, அது அனுமதி பெற்ற கட்டுமானம் என்று அதிகாரி சான்று தர வேண்டும். ஏரிப் புறம்போக்கில், ஓடைக்கரையில், தண்டவாளத்தோரம் குடிசை போட்டிருக்கிறவனுக்கு யார் சான்று தருவார்? அவன் ஏன் ஓடைக்கரையில் போட்டான்? ஊர் மேட்டில் இருக்கு, சேரி பள்ளத்தில் இருக்கு. பள்ளத்தைத் தேர்ந்தெடுத்து நாம குடிபோகல. அங்கேதான் விட்டாங்க. அதையும் தாண்டி இடமில்லாதவன் ஓடைக்குள்ள இறங்கினான்.

2015 நவம்பர் 9ஆம் தேதி நினைவிருக்கும். ஒரே நாள் பேய்மழை. பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை புரண்டு வீடுகளோடு உயிர்களையும் கொண்டுபோனது. இந்தப் பக்கம் பரவனாறு. அது வெறும் மழைத் தண்ணி ஆறு இல்ல, நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணியும் அதில்தான் வருது. பெருமாள் ஏரியும் நிறைஞ்சு நின்னுச்சு. அந்த வெள்ளத்துக்குப் பிறகு தலித் மனித உரிமை அமைப்புகள் நம்ம மாவட்டத்தில் ஆய்வு செய்து, இழப்பில் பெரும்பங்கு சேரிகளுக்கு, நிவாரணத்தில் கடைசி இடமும் சேரிகளுக்கே என்று எழுதின. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல். சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை கடலூருக்குள் வந்தது. நிவாரணம் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். அட்டை இருந்தால் குடும்பம். அட்டை இல்லாத இருளக் குடும்பம், டிக்கெட் இல்லாத பயணி.

ஆனா சட்டத்துல நமக்கு எதுவுமே இல்லன்னு நினைக்க வேண்டாம். மூணு விஷயம் இருக்கு.

ஒன்று, 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம், 61ஆம் பிரிவு. நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி, மதம், பால், பிறப்பு அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று நேரடியாகச் சொல்கிறது. இந்தப் பிரிவை மனுவில் எழுதிக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இரண்டு, வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குச் சில காலம் உதவித்தொகை தரலாம் என்று பேரிடர் நிதி விதியிலேயே இடம் இருக்கிறது. உடைமை இல்லாதவனுக்கும் நுழைய ஒரு சின்னக் கதவு அது. அந்தக் குடும்பங்களை அடையாளம் கண்டு சான்று தர வேண்டியது மாநில அரசு. நாம கேட்காத வரைக்கும் அந்தக் கதவு திறக்காது.

மூன்று, இதுதான் முக்கியம். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம். நெய்வேலியைச் சுத்தி இருக்கிற நமக்கு நிலம் எடுக்கிறதுன்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்பெல்லாம் நிலம் கொடுத்தவன் மட்டும்தான் பாதிக்கப்பட்டவன். இந்தச் சட்டம், மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளியின் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. அதாவது நிலம் அவனுது, பிழைப்பு இவனுது, போனது இரண்டும் என்று நாடாளுமன்றமே ஒத்துக்கொண்டுவிட்டது. எங்க ஆயா கேட்டதும் இதைத்தானே? அரசு நிலத்தை எடுத்தால் தொழிலாளி பாதிக்கப்பட்டவன். புயல் அதே நிலத்தை எடுத்தால் ஏன் இல்லை? இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டு நாம மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் சட்டமன்றத்துக்கும் போகலாம்.

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தோட நிறுத்திடறோம். 1942லிருந்து 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது நீர்ப்பாசனமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1945 நவம்பரில் கட்டாக்கில் ஒரிசா நதிகளின் வெள்ளம் பற்றிய மாநாட்டில் பேசினார். கரை கட்டி வெள்ளத்தை விரட்டுவதே தீர்வு என்ற பழைய போக்கை மறுத்தார். தண்ணீர் அதிகம் என்பதைத் தீமையாகப் பார்க்காதீர்கள், தேக்கி மக்களுக்குப் பயன்படுத்துங்கள் என்பது அவர் வாதம். மகத் குளத்தில் தண்ணீர் எடுக்க 1927இல் போராடியவர், 18 ஆண்டு கழித்து ஒரு நாட்டின் ஆறுகளுக்குத் திட்டம் போடுகிறார். தண்ணீரைத் தொடக் கூடாது என்று சொல்லப்பட்டவனுக்குத்தான் தண்ணீரை எப்படி ஆள வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அப்படிப் பார்த்தால் நமக்கான கடற்சுவர் எது? கருங்கல் வேண்டாம் என்று நான் சொல்லல. தேவையான இடத்தில் கட்டட்டும், அடுத்த குப்பத்தைத் தின்னாத மாதிரி கட்டட்டும். சதுப்புக்காட்டை வளர்க்கட்டும், அதில் இருளருக்கு உரிமை கொடுக்கட்டும். ஆனா சேரிக்கு முதல் சுவர் மேட்டு நிலம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் நமக்கென்று ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். அதில் எவ்வளவு இன்னிக்கு நம்ம கையில் இருக்கு? காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள் ஜான் தாமசும் ஏழுமலையும். நிலத்தை நாம பயிர் வைக்கிற இடமா மட்டும் பார்த்தோம். வெள்ளம் வந்தா நிற்கிற இடமாவும் பார்க்கணும். மேட்டில் மூணு சென்ட் பட்டா இருந்தா, பள்ளத்தில் செத்தவங்க பல பேர் இன்னிக்கு இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாங்க.

கடைசியா, நாம செய்யக்கூடியது. பெரிய திட்டம் ஒண்ணும் இல்ல. வங்கி குமாஸ்தா சொல்ற யோசனை, ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு சேரியிலும் ஒண்ணு. யார் வீடு எந்த இடத்தில், பட்டா உண்டா, அட்டை உண்டா, யார் எந்தத் தோப்பில் எந்த வயலில் எத்தனை வருஷமா வேலை செய்றாங்க, வெள்ளம் வந்தா தூக்கிட்டு ஓட வேண்டிய கிழவிகள் யார். படிக்கிற பிள்ளைங்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினா எழுதிடலாம். அதைக் கிராம சபையில் சத்தமா வாசிச்சுத் தீர்மானமாக்குங்க. அடுத்த புயல் வர்றதுக்கு முன்னாடி அந்தப் பட்டியல் அரசாங்கக் கோப்பில் இருக்கணும். வந்த பிறகு எழுதுற பட்டியலில் நாம இருக்க மாட்டோம்.

எங்க தெரு நோட்டை எழுத ஆரம்பிச்சிருக்கேன். முதல் பெயர் அந்த ஆயாவுடையது. ஆயா மூணு வருஷம் முன்னாடி செத்துப்போச்சு. ஆனாலும் எழுதியிருக்கேன். வேலை என்ற இடத்தில் ‘முந்திரிக்கொட்டை பொறுக்குதல், 30 ஆண்டு’. இழப்பு என்ற இடத்தில் ‘30.12.2011, பிழைப்பு’. நிவாரணம் என்ற இடத்தைக் காலியா விட்டிருக்கேன்.